லட்ச ரூபாய் ஸ்பீக்கரும் எட்டு ரூபாய் சில்லறையும்

ஒருவர் இருபது வருடம் ஆசைப்பட்டு, ஐந்து வருடம் பணம் சேர்த்து, ஐந்து லட்ச ரூபாய்க்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடுப்புக்கு மேல் உயரம், ஒவ்வொன்றும் நாற்பது கிலோ. வண்டியில் வந்து இறங்குகிறது. இரண்டு பேர் மூச்சு வாங்கத் தூக்கி வந்து ஹாலில் வைக்கிறார்கள். எங்கே? டிவிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, சுவரோடு முதுகை ஒட்டினாற்போல. வேறு எங்கே வைப்பது, வீட்டில் மனுஷர் நடக்க வழி வேண்டாமா? எதிர்ச்சுவரை ஒட்டி சோஃபா. அன்று சாயங்காலம் பாட்டு போடுகிறார்.

கடையில் கேட்டது இது இல்லை!

மிருதங்கம் அண்டாவைத் தட்டுவது போல இருக்கிறது. வயலின் காதைக் குத்துகிறது. பாடுகிறவர் எங்கே நிற்கிறார் என்றே தெரியவில்லை, குரல் சுவர் பூராவும் பரவிக் கிடக்கிறது. வீட்டில் இருப்பவர்கள் "நல்லா இருக்கா?" என்று ஆவலாகக் கேட்கிறார்கள். ஐந்து லட்சம் போட்டுவிட்டு இல்லை என்றா சொல்ல முடியும்? "சூப்பர்" என்கிறார். சொல்லிவிட்டு ராத்திரி தூங்காமல் கிடக்கிறார்.

அதற்குப் பிறகு நடப்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான். முதல் மாதம் கேபிள் மாறும். ஆறாவது மாதம் ஆம்ப்ளிஃபயர் மாறும். இரண்டாவது வருடம் அந்த ஸ்பீக்கரே பாதி விலைக்குக் கைமாறும், "அந்தக் கம்பெனியே சரியில்லை" என்ற சர்டிபிகேட்டோடு. புதிதாக வந்த ஸ்பீக்கர் எங்கே நிற்கும்? அதே இடத்தில், அதே சுவரை ஒட்டி.

தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பார்களே, அது இதுதான்.

பைசா செலவில்லாத சரக்கு

காமர்ஸ் பக்கம் இருப்பவர்களுக்கு இங்கே ஒரு பாடம் ஞாபகம் வரும். குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி. முதல் தோசையின் ருசி ஐந்தாவது தோசைக்கு இல்லை. ஆடியோவிலும் அதேதான். ஐயாயிரம் ரூபாய் ஸ்பீக்கரிலிருந்து ஐம்பதாயிரம் ரூபாய் ஸ்பீக்கருக்குப் போனால் வித்தியாசம் பக்கத்து வீட்டுக்காரருக்கே கேட்கும். ஐந்து லட்சத்திலிருந்து ஆறு லட்சத்துக்குப் போனால் கேட்பதற்குக் கொஞ்சம் சிரமப்பட வேண்டும். ஒவ்வொரு கூடுதல் ரூபாயும் முந்தைய ரூபாயைவிடக் குறைவாகத்தான் வேலை செய்யும்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு சரக்கு மட்டும் விலையே இல்லாமல் மூலையில் கிடக்கிறது. அது ஸ்பீக்கர் நிற்கும் இடம். அரை அடி முன்னால் இழுப்பது, கொஞ்சம் உள்பக்கம் திருப்புவது, சோஃபாவைச் சுவரிலிருந்து பிரிப்பது. இவ்வளவு பலன் தரும் வேலையைப் பற்றி ஏன் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை? காரணம் சிம்பிள். இதை டப்பாவில் அடைத்து விற்க முடியாது. விற்க முடியாத சரக்குக்கு யார் விளம்பரம் கொடுப்பார்கள்?

மெத்தை தூக்கிய பேராசிரியர்

1895-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு புதிய அருங்காட்சியகக் கட்டடம், அதில் ஒரு சொற்பொழிவு மண்டபம். கட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது, உள்ளே யார் பேசினாலும் ஒன்றும் புரியவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் அது அடங்குவதற்கு ஐந்தரை வினாடி ஆனது. அதற்குள் அடுத்த பத்து வார்த்தைகள் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சேபின் என்ற இயற்பியல் ஆசிரியர் தலையில் விழுந்தது. அப்போது அவருக்கு வயது 27.

அவர் என்ன செய்தார் தெரியுமா? பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை, ஊர் அடங்கிய பிறகு ராத்திரியில் ஆட்களை வைத்துத் தூக்கி வந்தார். மண்டபத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அடுக்கினார். ஒரு ஆர்கன் குழாயை ஊதவிட்டு நிறுத்தி, ஒலி மறைய எத்தனை நேரம் ஆகிறது என்று ஒவ்வொரு தடவையும் அளந்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தார். தன் உடுப்பு உறிஞ்சும் ஒலிகூடக் கணக்கை மாற்றுகிறது என்று கண்டுபிடித்து, தினமும் ஒரே மாதிரி உடுப்போடு வந்தார். ஒரு அறையில் ஒலி எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதற்கான சூத்திரம் இப்படிப் பிறந்தது. அறை பெரிதானால் நேரம் கூடும், உறிஞ்சும் பரப்பு கூடினால் நேரம் குறையும். 1900-ல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹால் அவருடைய ஆலோசனையில் உருவானது.

இந்தச் சூத்திரத்தை ஒரு தமிழ்நாட்டு வீட்டு ஹாலில் போட்டுப் பார்க்கலாம். 12 அடி அகலம், 16 அடி நீளம், 10 அடி உயரம். செங்கல் சுவர், சிமெண்ட் பூச்சு, கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. இவை எல்லாம் தம் மேல் படும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கைத்தான் உறிஞ்சும் என்று எடுத்துக்கொண்டால், சாமான் எதுவும் இல்லாத அந்த ஹாலில் ஒலி அடங்க மூன்று வினாடிக்கு மேல் ஆகும். வீட்டில் பாட்டுக் கேட்க அரை வினாடி போதும்.

ஆங்கிலப் பத்திரிகைகளில் ஸ்பீக்கர் பற்றி எழுதுகிறவர்களில் பலர் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த வீட்டில், கார்பெட் மேல் உட்கார்ந்து எழுதுகிறார்கள். அந்தச் சுவர் கொஞ்சம் அதிர்ந்து பேஸ் ஒலியைக் கொஞ்சம் விழுங்கும். ஒன்பது இன்ச் செங்கல் சுவர் எதையும் விழுங்காது, வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். ரொம்ப நாணயமான சுவர் :)

ஆகவே முதல் வேலை ஸ்பீக்கரில் இல்லை. ஹால் நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டுங்கள். "டர்ர்ர்" என்று ஒரு வால் நீண்டால், வெறும் சுவர்கள் ஒன்றுக்கொன்று பந்து விளையாடுகின்றன என்று அர்த்தம். கனமான திரைச்சீலை, புத்தகங்கள் ஒழுங்கில்லாமல் அடுக்கிய அலமாரி, தரையில் ஜமுக்காளம், பஞ்சு வைத்த சோஃபா. இவை போதும். சேபின் மெத்தையில் கண்டதை வீட்டு மெத்தையிலும் காணலாம்.

மூன்றடி தள்ளினால் வேறு பாட்டு

மெத்தையும் ஜமுக்காளமும் மேல்ஸ்தாயியைத்தான் அடக்கும். பேஸ் அதற்கெல்லாம் மசியாது. அது வேறு ஜாதி.

அதே 16 அடி ஹால். ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 35 ஹெர்ட்ஸ் ஒலியின் அரை அலை சரியாக 16 அடி நீளம். அதனால் அந்த ஒலி இரண்டு சுவருக்கும் நடுவே ஊஞ்சல் கட்டி ஆடும். சுவர் ஓரத்தில் அதன் அழுத்தம் உச்சம், அறையின் நட்டநடுவில் கிட்டத்தட்ட பூஜ்யம். 12 அடி அகலத்துக்கு 47 ஹெர்ட்ஸிலும், 10 அடி உயரத்துக்கு 56 ஹெர்ட்ஸிலும் இதே ஊஞ்சல். இவற்றின் மடங்குகளில் இன்னும் பல.

ஆக, எதிர்ச்சுவரை ஒட்டி சோஃபா போட்டவர் பேஸ் குவியும் இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார். அண்டா சத்தத்துக்குக் காரணம் இதுதான், கம்பெனி இல்லை. சரி என்று நட்டநடுவில் நாற்காலி போட்டால் பேஸ் காணாமல் போகும். சந்தேகம் இருந்தால், பேஸ் நிறைய இருக்கும் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு ஹாலில் சுவருக்குச் சுவர் மெதுவாக நடந்து பாருங்கள். மூன்றடி தள்ளினால் வேறு பாட்டு மாதிரி இருக்கும்.

ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்கும் சுவரும் சும்மா இருக்காது. பேஸ் ஒலி முன்பக்கம் மட்டும் போவதில்லை, பின்பக்கமும் போய்ச் சுவரில் பட்டுத் திரும்பி வரும். ஊஃபர் சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருந்தால், திரும்பி வரும் ஒலி 2 மீட்டர் தாமதம். 86 ஹெர்ட்ஸுக்கு அது அரை அலை. முன்னால் போவது தள்ள, பின்னால் வருவது இழுக்க, அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழுந்துவிடும். பக்கச் சுவரும் தரையும் இதே வேலையைச் செய்யும். இதில் பெரிய ஆபத்து, மூன்று தூரமும் ஒன்றாக அமைவது. மூன்று பள்ளமும் ஒரே இடத்தில் விழுந்து பாதாளமாகிவிடும். பின்சுவர் தூரம், பக்கச்சுவர் தூரம், தரையிலிருந்து ஊஃபர் உயரம் மூன்றும் வேறுவேறாக இருக்க வேண்டும். இதற்கும் செலவு கிடையாது.

இன்ச் டேப் எடுங்கள்

எங்கே ஆரம்பிப்பது? அமெரிக்காவில் ஆடியோ கேபிள் செய்து விற்கும் ஜார்ஜ் கார்டாஸ் ஒரு கணக்கு சொல்லியிருக்கிறார். (கேபிள்காரரே சும்மா கொடுத்த சரக்கு, கவனிக்க!) செவ்வக அறையில், அறையின் அகலத்தை 0.276-ஆல் பெருக்கினால் வருவது பக்கச்சுவரிலிருந்து ஊஃபர் நடுப்புள்ளி வரை உள்ள தூரம். 0.447-ஆல் பெருக்கினால் பின்சுவர் தூரம். 12 அடி ஹாலுக்குப் போட்டால் பக்கச்சுவரிலிருந்து சுமார் 3 அடி 4 இன்ச், பின்சுவரிலிருந்து சுமார் 5 அடி 4 இன்ச். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே சுமார் 5 அடி 4 இன்ச் வரும்.

இப்போது கேட்பவர் இடம். ஸ்டீரியோவின் அடிப்படை சமபக்க முக்கோணம். இரண்டு ஸ்பீக்கரும் இரண்டு முனை, கேட்பவர் தலை மூன்றாவது முனை. மேலே உள்ள கணக்கில் முக்கோணத்தை வரைந்தால் தலை வரும் இடம், எதிர்ச்சுவரிலிருந்து கிட்டத்தட்ட 6 அடி. ஸ்டுடியோ கட்டுபவர்கள் வைத்திருக்கும் இன்னொரு விதி, அறை நீளத்தில் 38 சதவீத தூரத்தில் உட்காரச் சொல்கிறது. 16 அடியில் 38 சதவீதம் 6 அடி 1 இன்ச்! இந்த ஹாலில் வேறுவேறு வழியில் வந்த இரண்டு கணக்கும் ஒரு இன்ச் வித்தியாசத்தில் கைகுலுக்குகின்றன.

கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐந்தேகால் அடி முன்னால் இழுத்தால் ஹாலில் மூன்றில் ஒரு பங்கு ஸ்பீக்கருக்குப் பின்னால் போய்விடும். டிவி பார்ப்பவர், துணி மடிப்பவர், ஓடி விளையாடும் குழந்தை எல்லோரும் ஸ்பீக்கரைச் சுற்றி வலம் வர வேண்டும். இது கோயில் இல்லையே. இந்தப் பஞ்சாயத்தைக் கடைசியில் பார்க்கலாம். இப்போதைக்கு இது ஆரம்பப்புள்ளி மட்டும். இங்கிருந்து இன்ச் இன்ச்சாகக் காதுதான் முடிவு செய்ய வேண்டும்.

பேசச் சொல்லிக் கேட்பது

டேவிட் வில்சன் என்று ஒருவர் இருந்தார். அமெரிக்காவின் வில்சன் ஆடியோ கம்பெனியைத் தொடங்கியவர், 2018-ல் காலமானார். 1980களின் தொடக்கத்தில் வந்த அவருடைய "வாம்" என்ற ராட்சச ஸ்பீக்கரை வாங்கியவர் வீட்டுக்கு அவரே நேரில் போய் நிறுத்தி, சரிசெய்து கொடுத்துவிட்டு வருவார். அவர் கடைசிக் காலத்தில் வடிவமைத்த "வாம் மாஸ்டர் குரோனோசோனிக்" வெளிவந்தபோது ஒரு ஜோடி 6,85,000 டாலர். அவ்வளவு விலை வைத்துச் செய்தவரே, பெட்டியை இறக்கியதோடு வேலை முடிந்தது என்று நினைக்கவில்லை. பாதி வேலை வாங்குபவர் வீட்டில்தான் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

அந்தக் கம்பெனி சொல்லும் இடம் பார்க்கும் முறைக்குக் கருவி ஒன்றும் தேவையில்லை, ஒரு மனுஷக் குரல் போதும். ஸ்பீக்கர் வரவேண்டிய இடத்தில் ஒருவர் சுவரோடு முதுகு ஒட்டி நின்று ஒரே சீராகப் பேச வேண்டும். இன்னொருவர் கேட்கும் நாற்காலியில் உட்கார வேண்டும். பேசுபவர் பேசிக்கொண்டே மெதுவாக முன்னால் நகர வேண்டும். சுவரோரத்தில் குரல் குடத்துக்குள் பேசுவது போலக் கனத்திருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரின் பிடி விடும். ஓரிடத்தில் குரல் சட்டென்று தெளியும், நிஜமாக எதிரில் நின்று பேசுவது போல. இன்னும் முன்னால் வந்தால் மறுபடி கலங்கும். தெளிந்த இடம் எங்கே ஆரம்பித்தது, எங்கே முடிந்தது என்று தரையில் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு பக்கச்சுவரிலிருந்தும் இதையே செய்ய வேண்டும். இரண்டு பட்டைகளும் வெட்டிக்கொள்ளும் சதுரம்தான் ஸ்பீக்கருக்கான இடம்.

என்ன பேசுவது? பதினாறாம் வாய்ப்பாடு சொல்லலாம், பேப்பர் வாசிக்கலாம். வீட்டு ஆட்களின் குரல் எப்படி இருக்கும் என்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். தினமும் கேட்கும் குரல் சுவரால் எவ்வளவு மாறுகிறது என்று காது உடனே சொல்லிவிடும்.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. இந்த முறைக்கு இரண்டு பேர் வேண்டும். அடுத்து வரும் கண்ணாடி வேலைக்கும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நாற்காலியில் இருக்க, இன்னொருவர் பக்கச்சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடியை ஒட்டிப் பிடித்து நகர்த்துவார். நாற்காலியில் இருப்பவருக்குக் கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் இடம்தான் ஒலி முதலில் பட்டுத் திரும்பும் இடம். புத்தக அலமாரியோ திரையோ அங்கே வரவேண்டும். தனியாக ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற தவம் போலத் தெரிந்தாலும், இது வீட்டில் இன்னொருவர் மனசு வைத்தால்தான் நடக்கும் காரியம்.

எட்டு ரூபாய்

இனி சில்லறை வேலைகள். சில்லறை என்றாலும் முக்கியமானவை.

ஒன்று: வயர். இரண்டு ஸ்பீக்கரிலும் சிவப்பு சிவப்பிலும், கறுப்பு கறுப்பிலும் இருக்கிறதா? ஒன்றில் மட்டும் மாறியிருந்தால் ஒரு ஸ்பீக்கர் தள்ளும்போது இன்னொன்று இழுக்கும். பேஸ் மெலிந்துபோகும், குரல் நடுவில் நிற்காது. லட்சக்கணக்கில் செலவழித்த இடத்திலும் இதைப் பார்ப்பது நல்லது. யானை வாங்கியவர் அங்குசம் மறந்த கதை நிறைய உண்டு.

இரண்டு: தூரம். நாற்காலியில் தலை இருக்கும் இடத்திலிருந்து இரண்டு ட்வீட்டருக்கும் நூல் பிடித்து அளக்க வேண்டும். ஒரு இன்ச் வித்தியாசம் என்றால் ஒலி ஒரு காதுப் பக்கம் சுமார் 74 மைக்ரோ வினாடி முந்தி வரும். மனுஷக் காது, நல்ல நிலைமையில், சுமார் 10 மைக்ரோ வினாடி வித்தியாசத்தையே கண்டுபிடிக்கும். கண் மதிப்பு இங்கே உதவாது.

மூன்று: உயரம். உட்கார்ந்திருப்பவர் காதும் ட்வீட்டரும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருப்பது நல்ல ஆரம்பம். சோஃபா ரொம்பப் பள்ளமாக இருந்தால் ஸ்பீக்கரைப் பழி சொல்லாமல் குஷனை ஏற்றுங்கள்.

நான்கு: மட்டம். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை ஸ்பீக்கர் தலையில் வைத்துப் பாருங்கள். ஆடாமல் நிற்பதற்குக் கீழே கூர்மையான ஸ்பைக் கொடுத்திருப்பார்கள். அது கார்பெட்டைக் குத்தி இறங்கி நிற்பதற்குச் செய்தது. டைல்ஸில் வைத்தால் டைல்ஸ் காலி, வீட்டில் மரியாதையும் காலி. ஒவ்வொரு ஸ்பைக்குக்குக் கீழேயும் ஒரு ரூபாய் நாணயம் வையுங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கு எட்டு ரூபாய். மொத்தச் செலவு இவ்வளவுதான், அதுவும் திரும்பக் கிடைக்கும் முதலீடு!

ஐந்து: திருப்பம். ட்வீட்டர் ஒலி டார்ச் வெளிச்சம் மாதிரி, நேரே இருப்பவருக்கு அதிகம், ஓரத்தில் குறைவு. ஸ்பீக்கரை உள்பக்கம் திருப்பத் திருப்ப மேல்ஸ்தாயி கூடும், நடுவில் நிற்கும் குரல் இறுகும். நேராக விட்டால் மேடை அகலமாகும், குரல் கொஞ்சம் கரையும். இதற்கு ஒரு அருமையான பரிசோதனை தமிழ்நாட்டில் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது: பழைய பாட்டு. 1950, 60களின் திரைப்பாட்டுகள் பெரும்பாலும் மோனோ. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி. அதனால் குரலும் வாத்தியமும் எல்லாமே இரண்டு ஸ்பீக்கருக்கும் சரியாக நடுவில், ஆள் இல்லாத வெற்றிடத்தில் வந்து நிற்க வேண்டும். குரல் அகண்டு கிடந்தாலோ ஒரு பக்கம் சாய்ந்தாலோ, இடமோ திருப்பமோ இன்னும் சரியாகவில்லை. மோனோ சரியான பிறகு ஸ்டீரியோவுக்கு வாருங்கள். 1978-ல் வந்த "ப்ரியா" படப் பாட்டுகள் ஸ்டீரியோவில் பதிவானவை. வாத்தியங்கள் இடமும் வலமுமாகப் பிரிந்து உட்காருவதை அதில் கேட்கலாம்.

காதை நம்பலாமா?

இதுவரை சொன்னதெல்லாம் சுலபம். கஷ்டமான வேலை இனிமேல்தான். நகர்த்தியவரே நீதிபதியாகவும் உட்கார வேண்டும்.

1994-ல் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். ஸ்பீக்கர் கம்பெனி ஒன்றில் வேலை பார்ப்பவர்களையே கூப்பிட்டு, சில ஸ்பீக்கர்களுக்கு மார்க் போடச் சொன்னார்கள். ஒரு தடவை ஸ்பீக்கரைப் பார்த்தபடி, ஒரு தடவை திரைக்குப் பின்னால் மறைத்து. பார்த்தபடி கேட்டபோது பெரிய, விலை உயர்ந்த ஸ்பீக்கர்களுக்கு மார்க் ஏறியது. சின்ன, மலிவான செட்டுக்கு இறங்கியது. மறைத்துவிட்டால் அந்த இடைவெளி சுருங்கிப்போனது. கேட்டவர்கள் யாரும் கத்துக்குட்டிகள் இல்லை, இதே தொழிலில் சோறு தின்பவர்கள். கண் பார்த்ததைக் காது கேட்டதாகச் சொல்லிவிடுகிறது.

சத்தம் இன்னொரு ஏமாற்று. இரண்டில் ஒன்று கொஞ்சூண்டு கூடுதல் சத்தமாக இருந்தால், சத்தம் கூடியது என்று மனசு சொல்லாது, "இது தெளிவாக இருக்கிறது" என்று சொல்லும். அதோடு சத்தம் குறையக் குறையக் காதுக்கு பேஸ் மட்டும் வேகமாக மங்கும். ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து சொன்ன விஷயம் இது. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு மெல்லிய சத்தத்தில் ஸ்பீக்கரைச் சரிசெய்தால், பேஸ் போதவில்லை என்று சுவர்ப்பக்கம் தள்ளத் தோன்றும். மறுநாள் சாயங்காலம் வழக்கமான சத்தத்தில் போட்டால் மறுபடியும் அண்டா.

ஆகவே சில கட்டுப்பாடுகள். வழக்கமாகக் கேட்கும் சத்தத்திலேயே சரிசெய்ய வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு முன் பழைய இடத்தைத் தரையில் குறிக்க வேண்டும். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுத வேண்டும், குறிப்பேட்டுப் பதிவு மாதிரி. முக்கியமாக, இன்னொருவரை நகர்த்தச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். ஸ்பீக்கர் விலையே தெரியாத ஒருவரை நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்பது இன்னும் உத்தமம். "இப்ப பாடறவங்க கிட்ட வந்துட்டாங்க" என்று அவர் சொல்லும் ஒரு வரிக்கு, வாங்கியவர் எழுதும் பத்துப் பக்க ஆராய்ச்சியைவிட மதிப்பு அதிகம். ஏனென்றால் அவருக்கு அந்த ஐந்து லட்சத்தை நியாயப்படுத்த வேண்டிய அவசியம் இல்லை.

கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் அளந்தும் பார்க்கலாம். ரூம் ஈக்யூ விசார்ட் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, ஒரு அளவு மைக் வேண்டும். பேஸ் எங்கே குவிகிறது, எங்கே பள்ளம் என்று படம் போட்டுக் காட்டும். குவிந்ததை ஈக்குவலைசரில் குறைக்கலாம். ஆனால் பள்ளத்தை நிரப்ப முடியாது. சத்தத்தைக் கூட்டினால் நேரே வருவதும் கூடும், அதை அழிக்கத் திரும்பி வருவதும் அதே அளவு கூடும். ஓட்டை டிராயர் கணக்குதான். அதற்கு மருந்து மறுபடியும் நகர்த்துவது ஒன்றுதான்.

யாருடைய ஹால்?

இப்போது அந்தப் பஞ்சாயத்து. எல்லாம் சரியாகிவிட்டது. ஒரே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால் பாடகர் எதிரில் நிற்கிறார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தால் ஒரு ஸ்பீக்கர் மட்டும் கேட்கிறது. டிவிக்குக் குறுக்கே கம்பம் மாதிரி இரண்டு பெட்டி. வீட்டில் மற்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளறைக்குப் போய்விடுகிறார்கள். இவர் மட்டும் தினமும் அரை இன்ச் நகர்த்திக்கொண்டு, எந்தப் பாட்டையும் முப்பது வினாடிக்கு மேல் கேட்காமல் உட்கார்ந்திருக்கிறார். ஐந்து லட்சம் போட்டு வாங்கியது இதற்கா?

இதற்கும் வழி இருக்கிறது, அதுவும் இலவசம். ஸ்பீக்கரின் முகங்கள் கேட்பவருக்குக் கொஞ்சம் முன்னாலேயே வெட்டிக்கொள்ளும்படி நன்றாக உள்பக்கம் திருப்பிவிடுங்கள். சோஃபாவின் இடது ஓரத்தில் இருப்பவருக்கு இடது ஸ்பீக்கர் கிட்டத்தில் இருக்கும், ஆனால் அது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கும். தூரத்து வலது ஸ்பீக்கர் அவரை நேராகப் பார்க்கும். கிட்டத்தின் லாபத்தைத் திருப்பத்தின் நஷ்டம் ஓரளவுக்கு நேர் செய்துவிடும். நடு நாற்காலிக்காரர் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறார், சோஃபாவில் மூன்று பேருக்கும் பாடகர் ஏறக்குறைய நடுவில் நிற்கிறார். பற்றும் வரவும் டாலி ஆகிறது.

தூரத்துக்கும் ஒரு ஏற்பாடு செய்யலாம். தரையில் மாஸ்கிங் டேப்பால் இரண்டு குறி. சுவர்ப்பக்கம் ஒன்று, அது வீட்டுக்கு. முன்னால் ஒன்று, அது பாட்டுக்கு. நாணயத்துக்குப் பதிலாகக் கீழே கனமான ஃபெல்ட் துணி ஒட்டினால் நாற்பது கிலோவும் டைல்ஸில் வழுக்கிக்கொண்டு வரும். எட்டு ரூபாயைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு பேர் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து முன்குறிக்கு இழுத்தால் இரண்டு நிமிட வேலை. ராத்திரி பழையபடி சுவரோரம்.

சாக்பீஸால் குறித்தால் மறுநாள் தரை துடைக்கும்போது போய்விடும், அதனால்தான் டேப். குறி ஒட்டியாகிவிட்டதா? நோட்டை மூடிவிட்டு, இன்ச் டேப்பைத் தையல் மெஷின் டிராயரில் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். இனி ஒரு பாட்டையாவது கடைசி வரை கேட்கலாம்.